மெஷின் மச்சான்

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்தே இளமையைத் தீர்த்த மனுஷன் அவர். காலையில் ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். நடுவில் "எத்தனாவது மாடி?" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. உள்ளே ஏறுகிறவர்கள் அவரை ஓர் ஆளாகவே எண்ணியதில்லை. யாரை வேலையை விட்டு அனுப்பப் போகிறோம், யார் யாரோடு சுற்றுகிறார்கள், எல்லாவற்றையும் அவர் தலைக்கு மேலேயே பேசுவார்கள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். காது கேட்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒரு நாள் புது லிஃப்ட் வந்தது. அதுவே மாடி எண்ணைச் சொன்னது, அதுவே கதவைத் திறந்தது. மேனேஜர் அவர் தோளைத் தட்டி, "அந்த முக்காலியை நீங்களே எடுத்துக்கோங்க, ஞாபகமா இருக்கட்டும்" என்றார். லிஃப்ட்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பஸ் வந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு ஏறிவிட்டார்.

கல்யாணம் ஆகவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் பேச்சு நடந்து, "மேலேயும் கீழேயும் போயிட்டு வர்றதுதான் உத்தியோகமா?" என்று சிரித்து முடிந்துபோயிருந்தது. போக்கிடம் என்று பார்த்தால் தங்கச்சி வீடு ஒன்றுதான். தங்கச்சி முகம் கோணாமல் வரவேற்றாள். அவள் புருஷன் அதைவிட நன்றாக வரவேற்றார். "வாங்க மச்சான், வீட்ல சும்மா உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு நம்ம இன்ஸ்டிட்யூட்ல வந்து உட்காருங்களேன்."

மாப்பிள்ளை நடத்திவந்தது ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். செருப்புக் கடைக்கு மேலே ஒரே ஒரு நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, சுவரோரம் பழைய கம்ப்யூட்டர்கள், சொட்டுச் சொட்டாக வாளியில் ஒழுகும் ஏ.சி. ஷட்டரைத் திறப்பது, பெருக்குவது, வாளித் தண்ணீரைக் கொட்டுவது, குடிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பது, இதெல்லாம் லிஃப்ட்காரர் வேலை. சம்பளம் என்று பேசிக்கொள்ளவில்லை. சொந்தத்துக்குள் அதை யார் முதலில் பேசுவது?

மாப்பிள்ளை நல்ல ஆசிரியர். அதில் பொய்யில்லை. நாக்கில் அப்படி ஒரு சரளம், அதன் நுனியில் ஒரு கொடுக்கு. செயற்கை நுண்ணறிவு பற்றி வார இறுதி வகுப்பு ஒன்று ஆரம்பித்திருந்தார். ஆனால் முதல் வகுப்பிலேயே பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். "ஆரம்பத்துல எல்லாரும் என்ன நினைச்சாங்க தெரியுமா? உலகத்தையே விதிகளா எழுதிட்டா மெஷினுக்கு அறிவு வந்துடும்னு நினைச்சாங்க. இப்படி இருந்தா இதைச் செய், அப்படி இருந்தா அதைச் செய்." ஒருத்தன் கொட்டாவி விட்டான். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரர் தண்ணீர் ஜாடியோடு உள்ளே வந்தார்.

"மச்சான், இப்படி முன்னாடி வந்து நில்லுங்க." வகுப்பைப் பார்த்து, "இப்ப இவர்தான் கம்ப்யூட்டர். சொந்தமா மூளை கிடையாது. நான் சொன்னதை மட்டும் செய்வார். என்ன மச்சான், சரிதானே?"

"சரி மாப்பிள்ளை."

வகுப்பு சிரித்தது.

"முதல் விதி. மேஜை மேல டம்ளர் இருந்தா அதுல தண்ணி ஊத்தணும்."

லிஃப்ட்காரர் ஊற்றினார். டம்ளர் நிறைந்தது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். அதில் ஒரு குறும்பு மின்னியது. விஷயம் புரிந்துவிட்டது. ஜாடியை நிமிர்த்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். தண்ணீர் மேஜையில் ஓடி, முன் வரிசைப் பெண்ணின் பையை நனைத்து, தரையில் விழுந்தது. அறை அதிர்ந்தது. போனை நோண்டியவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"பார்த்தீங்களா! நிரம்பினா போதும்னு நம்ம யாருக்கும் யாரும் சொல்லித் தரலை. மெஷினுக்கு அதையும் எழுதணும். டம்ளர் கவிழ்ந்திருந்தா? அதுக்கு ஒரு விதி. ஓட்டையா இருந்தா? அதுக்கு இன்னொண்ணு. எழுதி எழுதியே ஆயுசு போயிடும். விதி வழியோட சிக்கலே இதுதான்."

அன்றைக்குப் படியிறங்கும்போது ஒருத்தன் திரும்பி, "மெஷின் அண்ணே, வரேன்!" என்றான். லிஃப்டில் இருந்த காலம் முழுவதும் யாரும் அவரிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை. ஈரத் தரையை அவரேதான் துடைத்தார். துடைக்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.

அதிலிருந்து எந்தப் பாடமானாலும் மெஷின் வேண்டும் என்றாகிவிட்டது. எது என்ன என்று பெயர் சொல்லாமல் விட்டாலும் மெஷின் எப்படித் தானாகவே ரகம் பிரிக்கும் என்று காட்ட, வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் அவர் முன்னால் கொட்டினார்கள். அவர் தேய்ந்தது ஒரு பக்கம், தேயாதது ஒரு பக்கம் என்று அடுக்கினார். "பார்த்தீங்களா, யாரும் சொல்லித் தரலை, அதுவே ஒரு ஒழுங்கைக் கண்டுபிடிச்சுது!" என்று மாப்பிள்ளை குதித்தார். பேசுகிற மெஷின் அடுத்த வார்த்தையை ஊகித்து ஊகித்துத்தான் பேசுகிறது என்று விளக்க, பாதி வாக்கியம் சொல்லி மீதியை அவரை முடிக்கச் சொன்னார்.

"காலையில எழுந்ததும் பல்லு..."

"தேய்க்கணும்."

"ஆபீசுக்கு லேட்டாப் போனா மேனேஜர்..."

"திட்டுவார்."

"தங்கச்சி வீட்ல உட்கார்ந்து சாப்பிடற அண்ணன் வாயை..."

ஒரு நொடி தாமதித்தது. "மூடிக்கிட்டு இருக்கணும்."

அப்படி ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இது அர்த்தம் புரிஞ்சு சொல்லலை. இந்த வார்த்தைக்கு அப்புறம் பெரும்பாலும் எந்த வார்த்தை வரும்னு கணக்குப் போட்டுச் சொல்லுது. அவ்வளவுதான்."

லிஃப்ட்காரருக்கு அர்த்தம் புரிந்துதான் இருந்தது. ஆனால் அதைச் சொல்வது அவருடைய வேலை இல்லை.

அந்த வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பெண் வருவாள். துணிக்கடை ஒன்றில் உடுப்புகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பவள். போனைக் காட்டினால் உடம்பளவைச் சொல்லிவிடுகிற ஏதோ ஒன்று தன் கடைக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அது என்னதான் என்று தெரிந்துகொள்ள வந்தவள். வகுப்பு சிரிக்கும்போது அவள் சிரிக்கமாட்டாள் என்றில்லை, எல்லாரையும்போல அவளும் சிரிப்பாள். ஆனால் ஒரு நாள் படியில் அவரை நிறுத்தினாள்.

"சார், உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் தொங்குது. கழட்ட வேணாம், அப்படியே நில்லுங்க."

பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, நின்ற நின்றபடியே தைத்தாள். குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"உங்க பேரு என்ன சார்? எல்லாரும் மெஷின் மெஷின்னே கூப்பிடறாங்க."

சொந்தப் பெயர் வாயில் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொன்னார். அவள் அதை ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேருதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த வாரம் லிஃப்ட்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். தங்கச்சி பார்த்து, "என்னண்ணே, ஜோரா இருக்கே?" என்றுகூடக் கேட்டாள்.

அந்த வாரப் பாடம், உதாரணங்களைக் காட்டிக் கற்றுக்கொடுப்பது.

"விதி எழுதறதை விட்டாச்சு. இப்ப வெறும் உதாரணம். இது நாய், இது பூனை, இது நாய், இது பூனைன்னு ஆயிரம் படம் காட்டினா, ஆயிரத்து ஒண்ணாவது படத்தைப் பார்த்து மெஷினே சொல்லிடும். உள்ளே எண்ணவே முடியாத அளவுக்குச் சின்னச் சின்னத் திருகு இருக்குன்னு வச்சுக்கோங்க. தப்பாச் சொல்லும்போதெல்லாம் ஒவ்வொரு திருகையும் துளித் துளி முறுக்கறோம். முறுக்கி முறுக்கி ஒரு கட்டத்துல சரியாச் சொல்ல ஆரம்பிச்சிடும். ஏன் சரியாச் சொல்லுதுன்னு கேட்டா, முறுக்கினவனுக்கே தெரியாது." மச்சானை முன்னால் நிறுத்தினார். "வாங்க, முறுக்கிப் பார்ப்போம். வெறும் விளையாட்டு, யாரும் மனசுல வச்சுக்காதீங்க. ரெண்டே ரகம். புத்திசாலி, மக்கு."

விரலை நீட்டி ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு போனார். இவர் புத்திசாலி. இவர் மக்கு. இவரும் மக்கு. இந்தப் பொண்ணு புத்திசாலி. வகுப்பு கெக்கலித்தது. லிஃப்ட்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முகம் இல்லை. உயரம் இல்லை. ஆணா பெண்ணா என்பதும் இல்லை. பிறகு கண்ணில் பட்டுவிட்டது. புத்திசாலிகள் எல்லாரிடமும் தோளில் மாட்டுகிற நல்ல லேப்டாப் பை இருந்தது. மக்குகள் எல்லாரும் கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் பைகளில் நோட்டைச் சுருட்டிக் கொண்டு வந்தவர்கள்.

"இப்ப புது ஆள். கடைசி வரிசையில அந்த அம்மா. சொல்லுங்க மெஷின், எந்த ரகம்?"

அவள் காலடியில் பிளாஸ்டிக் பை இருந்தது. தைக்க வேண்டிய துணிகள் அதிலிருந்து எட்டிப் பார்த்தன. அவள் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தெரிந்த ஆள்தானே என்கிற சிரிப்பு.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பாகிப்போகும். இந்த அறையில் அவர் இதுவரை தப்பு செய்ததில்லை. மாப்பிள்ளை புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார், நாற்காலிகள் எல்லாம் காத்திருந்தன.

"மக்கு" என்றார்.

"அடடா! எதை வச்சுச் சொன்னீங்க?"

"பையை வச்சு."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "நான் பையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்னு நினைச்சேன். என் புத்தியில இருந்த அழுக்கை இது கண்டுபிடிச்சுக் கத்துக்கிட்டிருக்கு. நாளைக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற மெஷினும் இப்படித்தான் பையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். நாம கொடுக்கிற உதாரணம் கோணலா இருந்தா அதுவும் கோணலாத்தான் கத்துக்கும். இதை எழுதிக்கோங்க."

அருமையான பாடம். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அவளும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாவது வழிக்குத்தான் மாப்பிள்ளை பெயர் போனவர் ஆனார். பரிசும் தண்டனையும். "இதுல விதியும் கிடையாது, உதாரணமும் கிடையாது. மெஷினைக் களத்துல இறக்கி விட்டுடுவோம். முட்டி மோதிக் கத்துக்கட்டும். சரியாச் செஞ்சா மார்க்கு, தப்பாச் செஞ்சா அடி." மச்சானின் கண்ணைத் துணியால் கட்டி அறை நடுவில் நிறுத்துவார். எங்கேயோ ஒரு நாற்காலி. அதை நோக்கிப் போனால் கைதட்டல், விலகிப் போனால் பிளாஸ்டிக் ஸ்கேலால் முழங்காலில் ஒரு தட்டு. முதலில் அது தட்டாகத்தான் இருந்தது. ஒவ்வொரு புது வகுப்புக்கும் முந்தின வகுப்பின் கதை போய்ச் சேர்ந்துவிடுமே, இவர்கள் அவர்களை மிஞ்ச வேண்டாமா? ஸ்கேலைப் படுக்கையாக இல்லாமல் விளிம்பாகத் திருப்பினார்கள். அவர் கிட்டே வந்ததும் நாற்காலியை நகர்த்தினார்கள். ஒரு நாள் ஏ.சி. வாளியைத் தூக்கி வழியில் வைத்தார்கள். கால் வாளிக்குள் மாட்டி அவர் தத்தளித்ததை ஒருத்தன் படம் பிடித்து, "எங்க சாரோட ரோபோ" என்று தலைப்பு வைத்துப் போட்டுவிட்டான்.

ஒரு வாரத்தில் ஊர் பூராவும் பார்த்தது. பஸ்ஸில் அவருக்குப் பின்னால் நின்றவன் சும்மா ஒரு தரம் கைதட்டினான். பழக்க தோஷத்தில் அவர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். பஸ்ஸே சிரித்தது.

தங்கச்சி மகள் பள்ளியிலிருந்து வந்து பையை மூலையில் வீசினாள். "மாமா, இனிமே ஸ்கூல் வாசலுக்கு என்னைக் கூப்பிட வராத."

"ஏம்மா?"

"வராதேன்னா வராத. யாராவது கேட்டா நீ எங்க வீட்ல வாடகைக்கு இருக்கறதா சொல்லியிருக்கேன்."

மாப்பிள்ளையோ சந்தோஷத்தில் தரையில் நிற்கவில்லை. "மச்சான், நீங்க ஸ்டார் ஆயிட்டீங்க! போனை எடுத்து மாளலை. சேர இடம் கேட்டுக் கியூவில நிக்கறாங்க." பெரிய மண்டபம் ஒன்றைப் பேசி முடித்தார். செயற்கை நுண்ணறிவு, ஒரே நாளில் முழு அறிமுகம், இறுதியில் மெஷின் நேரடிக் காட்சி.

லிஃப்ட்காரர் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கச்சியிடம் போய் நின்றார். "எனக்கு இது வேணாம்மா. நீ மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"நான் என்னன்னு சொல்றது? ஊரே பார்த்தாச்சு. நீ இப்ப நிறுத்தினா போன மானம் நடந்து வீட்டுக்கு வந்துடுமா? கண்ணைக் கட்டிக்கிட்டு நாலு எட்டு நடக்கறது உனக்கு அவ்வளவு பாரமா இருக்கா? உனக்குச் சோறு போடறதை அவர் என்னைக்காவது சொல்லிக் காட்டியிருக்காரா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

அவளே சொல்லிக் காட்டியாகிவிட்டது. அவர் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தார்.

மண்டபத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் துணிக்கடைக்குப் போனார். அவள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் வேலையில்தான் இருந்தாள்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

அவள் நிமிரவில்லை. "சரியாத்தானே சொன்னீங்க. பாடத்துல அதான் பதில்."

"எனக்கு வேற வழி தெரியலை."

"உங்களுக்குத் தெரிஞ்சுது. உங்க முகத்துல பார்த்தேன்." நூலை இழுத்து அறுத்தாள். "உங்க வீடியோ பார்த்தேன். வாளியில கால் மாட்டினது. ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்."

அவர் கை சட்டையின் இரண்டாவது பட்டனுக்குப் போயிற்று.

"பாவமா இருக்கும்னு நினைச்சுத்தான் போட்டேன். சந்தோஷமா இருந்துச்சு" என்றாள். "வேற ஏதாவது தைக்கணுமா? பின்னாடி ஆள் நிக்கறாங்க."

மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் வேண்டியவர்கள், சொந்தக்காரர்கள், பின்னால் பணம் கட்டி வந்த கூட்டம். மாப்பிள்ளை காலையிலிருந்து பிரமாதமாகப் பேசினார். விதி வழி எங்கே ஜெயித்தது எங்கே கவிழ்ந்தது, உதாரண வழி ஏன் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது, இன்றைக்கு இருக்கிற பேசும் மெஷின்களில் எல்லா வழியும் எப்படிக் கலந்து கிடக்கிறது, எல்லாமே குழந்தைக்கும் புரிகிற மாதிரி. கடைசியில் மச்சானின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கண்ணைக் கட்டினார்.

"ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. மெஷினுக்கு நாற்காலி மேல ஆசை கிடையாது. அதுக்கு நாற்காலின்னா என்னன்னே தெரியாது. அதுக்கு வேண்டியது மார்க்கு. உங்க கைதட்டல்தான் மார்க்கு."

லிஃப்ட்காரர் இருட்டில் நின்றார். ஓர் எட்டு வைத்தார். யாரோ முழங்காலில் போட்டார்கள். இந்தப் பக்கம் வைத்தார். அதற்கும் ஒன்று விழுந்தது. மைக் வயர் காலில் சுற்றியது. தடுமாறிக் குப்புற விழுந்தார். மண்டபம் குபீர் என்று சிரித்தது, சிரித்த கையோடு தட்டவும் தட்டியது.

கைதட்டினால் சரி என்று அர்த்தம்.

எழுந்தார். நாற்காலி எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு முழங்காலும் தரையில் மோத விழுந்தார். முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். அந்த விழுகையில் கோபம் இருந்தது. உங்களுக்கு இதுதானே வேணும், இந்தாங்க, என்கிற கோபம். மூன்றாவது தடவை விழும்போது கோபத்தைக் காணோம். தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. அது கதகதப்பாக இருந்தது, குளிரில் போர்வையை இழுத்து மேலே போட்ட மாதிரி. இன்னும் வேண்டும்போல இருந்தது. கையை முட்டுக் கொடுத்தால் சத்தம் குறைகிறது என்று தெரிந்ததும், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விழுந்தார். மேடை விளிம்பில் வாய் பட்டது.

மாப்பிள்ளைதான் முதலில் புரிந்துகொண்டார். புரிந்ததும் அவருக்குத் தன் பாடம்தான் வாயில் வந்தது. "தட்டாதீங்க! கையைத் தட்டாதீங்க! தப்பாக் கத்துக்குது! விழுந்தா மார்க்குன்னு கத்துக்கிட்டிருக்கு!"

அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று கூட்டம் நினைத்தது. இதைவிடத் தெளிவாக யாரால் விளக்க முடியும்? எழுந்து நின்று தட்டினார்கள். லிஃப்ட்காரர் எழுந்தார், விழுந்தார். எழுந்தார், விழுந்தார். ஏதோ எலும்பு உள்ளே நறுக்கென்றது. வாயில் உப்புக் கரித்தது. சிரித்தபோது இரண்டு பல் சட்டையில் விழுந்தது, முன் வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அப்போதுதான் தட்டுவது மெல்ல மெல்ல நின்றது. முழுவதும் நின்ற பிறகுதான் அவரும் நின்றார்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை டாக்டரிடம், "படியில உருண்டுட்டார்" என்றார். டாக்டர் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்தார். "படிதான் டாக்டர்" என்றார் லிஃப்ட்காரர். முன்பல் இல்லாமல் அது வேறு ஏதோ வார்த்தை மாதிரி கேட்டது.

கழுத்தடியில் உடைந்த காறை எலும்பு கோணலாகக் கூடியது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போயிற்று. வீட்டில் மாப்பிள்ளை கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலை காபி குடித்துக்கொண்டே கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க மச்சான். அன்னைக்கு வேணும்னேதானே விழுந்தீங்க? என் பேரைக் கெடுக்கத்தானே?"

"எனக்கு என்ன தெரியும் மாப்பிள்ளை. தட்டினாங்க, விழுந்தேன்."

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த வாக்கியத்தை ஒரு தரம் முணுமுணுத்தார். அடுத்த வகுப்பிலிருந்து அதைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டார். பரிசை எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் வேலையை விட்டுவிட்டுப் பரிசை மட்டும் துரத்தும், இது இந்தத் துறையில் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்கிற பெரிய சிக்கல், இதோ பாருங்கள் என்று சொல்லி மண்டபத்து வீடியோவை ஓட்டினார். பேர் கெடவில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் கூப்பிட்டு அனுப்பின. வீடியோ இருக்கும்போது ஆள் எதற்கு? ஷட்டர் திறக்க இரண்டு கையும் வேலை செய்கிற வேறு ஒருத்தனை வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மேஜையில் தங்கச்சி மகள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போக ஆரம்பித்தாள். பல் இல்லாமல் அவர் மெல்லுவதைப் பார்த்தால் குமட்டுகிறதாம்.

லிஃப்ட்காரர் தானாகவே கிளம்பினார். யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. தங்குவதற்கு அங்கேயே தகரக் கொட்டகை. கூட இருந்தவன் வண்டி கழுவுகிறவன், எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவன்.

ஒரு மதியம் வெயிலுக்குக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெரியவரே, இதைப் பாருங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் எப்படி விழறான் பாருங்க! பைத்தியம் போல."

அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பல் போய், உடம்பு இளைத்துக் கன்னம் ஒட்டி முகமே மாறியிருந்தது. லிஃப்ட்காரர் போனை வாங்கினார். அவர் அதுவரை அதைப் பார்த்ததில்லை. தான் விழுவதை அவர் அதிகம் கவனிக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்ததுதான். அன்றைக்குக் கண் கட்டியிருந்ததால் பார்க்க முடியாமல் போனதைத்தான் பார்த்தார். கூட்டத்தை. எத்தனை விதமான முகங்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர்கள், பக்கத்து ஆளின் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறவர்கள். முன் வரிசையில், புதுசாக வாங்கிய மஞ்சள் உடுப்பில் தங்கச்சி. அவர் முதல் தடவை விழும்போது அவள் பதறி எழப் பார்க்கிறாள். பக்கத்தில் இருப்பவள் ஏதோ சொல்கிறாள். தங்கச்சி உட்காருகிறாள். இரண்டாவது தடவை சும்மா இருக்கிறாள். மூன்றாவது தடவை கையை மேலே தூக்கி, முகமெல்லாம் மலர, தட்டுகிறாள்.

"சிரிப்பு வரலையா பெரியவரே?"

"வருது" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு வை."

அடுத்த மாதம் தங்கச்சி பார்க்க வந்தாள். அண்ணனுக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தாள். இடது கை உயராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுப் பெரிய அளவாகவே எடுத்திருந்தாள். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். மாப்பிள்ளை வெளியூர்களில்கூட வகுப்பு எடுக்கிறார் என்று அவள் சொன்னதற்குத் தலையாட்டினார். வண்டி ஒன்று வந்தது. எழுந்துபோய் டோக்கன் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே, ஒண்ணுமே பேச மாட்டேங்கற? என் மேல ஏதாவது கோபமா?"

"கோபமெல்லாம் இல்லைம்மா. பல்லு இல்லாம பேச்சு சரியா வரலை."

தங்கச்சிக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தாள். அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எழுந்துகொண்டாள்.